உபியில் ஒரு வரிசை

அடுக்களைச் சுவரை உடைத்தார்கள்.
அன்றோடு சரி.
ஐந்து மாதமாய்க் குளியலறையில் அரிசி களைகிறேன்,
கட்டில் ஓரத்தில் உலை.
முன்பணம் பதினெட்டாயிரம் வெள்ளி.
கேட்டால், "டைல்ஸ் கப்பலில் வருகிறது, மேடம்."
எந்தக் கடலில் என்று சொல்வதில்லை.

கோபத்தில் ஓர் அட்டை எழுதினேன்,
சிவப்பு மையில், மூன்று ஆச்சரியக்குறியோடு.
ரொஸ்னா படித்துவிட்டுத் திருப்பித் தந்தாள்.
அவள் வீட்டில் ஒரு கதவுகூட இல்லை,
கழிவறைக்கும்தான்.
"இதைத் தூக்கிக்கொண்டு அவர்கள் வாசலில் நின்றால்
கேள்வியை நம்மிடம்தான் கேட்பார்கள், காக்.
இந்த ஊரில் யாரும் தப்பு சொல்லாதது
ஒன்றே ஒன்று."
"என்ன?"
"வரிசை."

சனிக்கிழமை பதினொரு மணி.
புதுக் காட்சிக்கூடத்துக்கு அவர்கள் ரிப்பன் வெட்டும் நேரம்.
முழக்கம் இல்லை.
ஒரே நிறச் சட்டைகூட வேண்டாம் என்றிருந்தோம்.
ரசீதும் கையுமாய், ஒருவர் பின் ஒருவர்,
மஞ்சள் கோட்டுக்குள்,
சக்கர நாற்காலிக்கு இடம் விட்டு
நாற்பத்து மூன்று பேர்.

பாதுகாவலர் தலைமுதல் வால்வரை நடந்து பார்த்தார்.
"சரியாத்தான் நிக்கிறீங்க" என்றார்,
கொஞ்சம் வருத்தத்தோடு.

ஒவ்வொருவராய் உள்ளே போனோம்.
வேலை கேட்க வந்தவர் குரலில் ஒரே கேள்வி:
"என் வீடு எப்போது முடியும்?"
பதிலைத் தேதி போட்டு எழுதி வாங்கி,
நன்றி சொல்லி,
திரும்பவும் வாலுக்கு நடந்தோம்.

மேலாளர் சிரிப்போடு தண்ணீர் போத்தல் நீட்டினார்.
அதற்கும் ரசீது கேட்டார் திரு. குவேக்,
ஓய்வுபெற்ற கணக்காளர்.

வரிசையைக் கண்டால் இந்த ஊருக்குக் கால் நிற்காது.
வழியே போன ஒருவர் வந்து சேர்ந்துகொண்டார்.
"என்ன குடுக்கிறாங்க?"
"பதில்."
"இலவசமா?"
"பதினெட்டாயிரம் வெள்ளி."
அவர் போகவில்லை.
"நானும் பாக்குறேனே" என்றார்.

ஒப்பந்தம் போட ஓர் இளஞ்சோடி வந்தது.
குவேக்கின் கோப்பை நின்றபடியே புரட்டினார்கள்,
நாற்பத்து மூன்று ரசீதின் நகல், தேதிவாரியாய்.
அந்தப் பெண் பேனாவை மூடிய சத்தம்
எனக்குக் கேட்டது.
மூன்று மணிக்குள் ஏழு பேனாக்கள்.

நான்காம் சுற்றில்
கவுன்டர்ப் பெண்ணுக்குக் குரல் கட்டிவிட்டது.
என் தாளை இழுத்து, தேதி எழுதும் இடத்தில்
எழுதினாள்:
எனக்கும் இரண்டு மாதச் சம்பளம் பாக்கி.

பாதிப் பணம் பிறகு வந்தது, மூன்று காசோலைகளில்.
சுவர் இன்னும் வரவில்லை.
ஆனால் அன்று
நான் நடந்து வாலுக்குப் போனபோது
எனக்கு முன்னால் நின்றவள் அவள்தான்,
கழுத்தில் நிறுவன அட்டை தொங்க,
மஞ்சள் கோட்டுக்குள் காலை இழுத்துக்கொண்டு.