திட்டுக்கு வெளியே

போஸ்ட் லாஃபாயெட்டில் அலை
கரையில் உடைவதில்லை.
அரை மைல் தள்ளி, பவளத்திட்டில்.
உள்ளே முழங்காலளவு நீர்,
செருப்பைக் கையில் பிடித்தபடி நிற்கலாம்.

பூமிக்கும் அப்படியொரு திட்டு உண்டு,
தொண்ணூறாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால்,
கல்லில்லாமல்.
சூரியக் காற்று அதில் தலைகுப்புற விழுகிறது.
வில் அதிர்ச்சி என்கிறது பாடநூல்.
எழுதியவர் படகு பார்க்காதவர்.
வில் அல்ல, அணியம்.
நீரைக் கிழிக்கும் முனை.

நுழைய முடியாத சில எலெக்ட்ரான்கள்
வந்த வழியே, காற்றுக்கு எதிராகத் திரும்பி
எதிர்ப்படுவதையெல்லாம் உலுக்குகின்றன.
உலுக்கலில் ஒரு முனகல்,
அதற்கு இருமடங்கு சுருதியில் இன்னொன்று.

நேற்று கூப்பென் ஃபிளாக்குக்குப் போனான்.
விலாஷ்னி கதவைத் திறக்கவில்லை.
இரவெல்லாம் சவுக்குமரங்களுக்கிடையே
அன்டெனாச் சுருள்களின் துருவைச் சுரண்டிக்கொண்டு
கிரியோலில் தனியே பேசிக்கொண்டிருந்தான்.

இத்தனை சுருள் நட்டும்
அந்த முனகல் இங்கே இறங்காது.
அயனிமண்டலம் மேலேயே திருப்பி அனுப்பிவிடும்.
செயற்கைக்கோள் பிடித்த கோப்பில்தான் பார்க்கிறேன்:
இருபது கிலோஹெர்ட்சில் ஒரு கோடு,
நாற்பதில் அதைவிட மெலிந்த ஒன்று,
தூசிக் கண்ணாடியில் நகம் இழுத்ததுபோல்.

"சத்தமா இது?" கூப்பென், கையில் டீ.
சத்தமில்லை. அங்கே காதைக் கொண்டுபோனாலும் கேட்காது.
"பின்னே யாருக்காக?"

யாருக்காகவும் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன்.
திட்டில் எப்போதோ உடைந்த அலையின் ஓசை
அப்போதுதான் ஜன்னலுக்கு வந்தது.

ஃபிளாக் போகும் முதல் பஸ்
எத்தனை மணிக்கென்று கேட்டான்.