சிவப்புப் பை

கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்குகிறது
எங்கள் சிவப்புப் பை.
நகராட்சி கொடுத்த தாளில் போட்டிருந்தபடிதான்
முதலில் நிரப்பினேன்.
ஆளுக்கு இத்தனை லிட்டர் தண்ணீர்,
டார்ச், அதற்கு உபரியாய் பேட்டரி,
ஒரு விசில்.
இடிபாட்டுக்குள்ளிருந்து குரல் வெளியே வராதாம்,
விசில் வருமாம்.
மகள் ரயேன் ஊதிப் பார்த்தாள்.
தெருநாய் பதில் சொன்னது.
மேல்வீட்டு ஒஸ்வால்தோ தரையை இரண்டு உதை உதைத்தார்.

தல்காவானோவில்
கடல் என்ன செய்யும் என்று
யாரும் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை.
அந்தப் பிப்ரவரி இரவுக்குப் பிறகு
ஒரு மீன்பிடிப் படகு
மருந்துக்கடை வாசலில் சாய்ந்து நின்றது,
இருமலுக்கு ஏதாவது கேட்க வந்ததுபோல.
நான் வெறுங்காலோடு மேட்டில் நின்றிருந்தேன்.
கையில் டிவி ரிமோட்.
ஓடும்போது ஏன் அதை எடுத்தேன்?
ரயேன் அப்போது பிறக்கவில்லை,
எடுக்க வேறெதுவும் இல்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

ஆகவே பை.
ஹுரேல் மீன் டின் ஆறு,
பால்பவுடர் ஒரு கிலோ,
உப்பு பிஸ்கட், அரிசி, தீப்பெட்டி,
ஈரம் படாமல் பிளாஸ்டிக்கில் சுற்றிய பிறப்புச் சான்றிதழ்.
தூக்கிப் பார்த்தேன், தோள் வலித்தது.
வலி பிடித்திருந்தது.

ஆலையில் சம்பளம் ஐந்தாம் தேதி.
இருபத்தைந்துக்கு மேல்
மாதம் ரப்பர்போல இழுபடும்.
முதல் டின்னை எடுத்த இரவு
என் வீட்டிலேயே திருடுகிறவள்போல
விளக்கைப் போடாமல் எடுத்தேன்.
வெங்காயம் நறுக்கிப் போட்டு எலுமிச்சை பிழிந்தேன்.
"என்னம்மா விசேஷம்?" என்றாள் ரயேன்,
தட்டை வழித்து.

மின்சார பில்லின் ஓரத்தைக் கிழித்து
எழுதிப் போட்டேன் பைக்குள்:
*ஒரு டின். திருப்பித் தரப்படும். யஸ்னா.*

திருப்பியும் தந்தேன், ஏப்ரலில், மே மாதத்தில்.
ஜூனில் ஆலை வாரம் மூன்று நாளாயிற்று.
மீன் வரவில்லையாம்.
மீன் வராததற்கு எந்தச் சங்கும் ஊதவில்லை,
ஓடி ஏற எந்த மேட்டுக்கும் அம்புக்குறி போடவில்லை.
அரிசி போயிற்று.
பால்பவுடர் கரண்டி கரண்டியாய்.
பேட்டரிகள் இரண்டும், சொன்னால் சிரிப்பீர்கள்,
ரிமோட்டுக்குள்.

ஆகஸ்ட். நள்ளிரவு தாண்டி
எல்லாப் போனும் ஒரே தொண்டையில் அலறின.
பையை மாட்டிக்கொண்டேன், அவள் கையைப் பிடித்தேன்.
படியில் ஒருத்தரையொருத்தர் இடித்துக்கொண்டு
அம்புக்குறிகள் காட்டிய வழியே மேட்டுக்கு.
இவ்வளவு வேகமாக நான் ஏறியதே இல்லை.
ஏன் என்று பாதி வழியில் புரிந்தது.
தோளில் கனமே இல்லை.

மேலே குளிர்.
கீழே கடல் கறுப்பாய், ஒன்றும் சொல்லாமல்.
சுற்றிலும் ஜிப் திறக்கும் சத்தம்.
ஒஸ்வால்தோவின் பையில்
நான்கு மெழுகுவர்த்தியும்
அரைப் பாட்டில் பிஸ்கோ சாராயமும் இருந்தன.
அவருக்கும் இருபத்தைந்துக்கு மேல் மாதம் வரும் என்று
எனக்கு அதுவரை தோன்றியதில்லை.
மூடியில் ஊற்றி நீட்டினார்.
விசிலைப் பற்றி இருவரும் பேசவில்லை.

ரயேன் போன் வெளிச்சத்தில்
சீட்டுகளை ஒவ்வொன்றாய்ப் படித்தாள்.
டின், டின், அரிசி, பால்.
"நாம யாருக்கம்மா கடன்?"
கடலைக் காட்டலாமா என்று நினைத்தேன்.
அதற்குள் ஒரு சீட்டைச் சட்டென்று மடித்து
முழங்காலுக்கடியில் வைத்தாள்.
வாங்கிப் பார்த்தேன். நோட்டுத்தாள், சாய்ந்த எழுத்து:
*பிஸ்கட் இரண்டு. பள்ளிக்கூடத்துக்கு. திருப்பித் தரப்படும். ரயேன்.*
தேதி ஜூலை இருபத்தெட்டு.

மூன்று மணிக்கு எச்சரிக்கையை நீக்கினார்கள்.
அலை முழங்கால் அளவுகூட வரவில்லை.
நல்லபடியாய் முடிந்தது என்று சொல்லிக்கொண்டு
எல்லோரும் இறங்கினார்கள். நானும் சொன்னேன்.

பையை ஆணியில் மாட்டிவிட்டேன்.
சீட்டுகளை வெளியே எடுக்கவில்லை.
இன்று பத்தொன்பது.
ஒரு டின் வாங்கலாம்.
வாங்கி, உள்ளே வைத்து,
ஆறு நாள் அதைப் பார்க்காமல் இருக்கலாம்.