விதைக்கு விட்டது

உவர்மலை அரச குவாட்டர்ஸில்
காலை ஆறு மணிக்கு எனக்கொரு வேலை:
நூல் வெட்டும் கத்தரிக்கோல், வெறும் பால்மாப் பேணி.
ஓரம் கருகத் தொடங்கிய சீனியாவை
பூவின் கழுத்தில் அல்ல,
இரண்டாவது இலைச்சோடிக்கு மேலே
டக்.
எட்டாம் நாள்
அந்த இலைகளின் கக்கத்தில் இரண்டு மொட்டு.

செடிக்கு என்ன தெரியும்,
இன்னும் பிள்ளை தங்கவில்லை என்று
மறுபடி உடுத்துக்கொண்டு வாசலுக்கு வரும்.
நித்தியகல்யாணி மட்டும்
தானே உதிர்த்துவிட்டுத் தன்பாட்டில் நிற்கும்.
அதனோடு எனக்குப் பேச்சுவார்த்தை இல்லை.

கச்சான் அடிக்கும் ஆடியிலும்
என் வேலியில் நிறம் குறையாது.
"என்ன பசளை போடுறீங்க?"
பக்கத்து மர்ஜானா மிஸ் கேட்பா.
"பசளை இல்ல மிஸ், பொய்."
அவ சிரிப்பா.

வைகாசியில் கோட்டைப் பக்கமிருந்து ஒரு மான் வந்து
இரண்டு சாடியை மொட்டையடித்தது.
வாடினது எது, மலர்ந்தது எது என்று
அது பார்க்கவில்லை.
பிறகு அந்தச் சாடிகள்தான் முந்திப் பூத்தன.
கத்தரிக்கோல் மேலிருந்த பெருமை
அன்றைக்குக் கொஞ்சம் இறங்கிற்று.

புரட்டாதியில் கடிதம்:
வவுனியாவுக்கு இடமாற்றம், ஒரு மாத அவகாசம்.
அலுமாரி, தையல் மெசின் லொறியில் ஏறும்,
வேர் ஏறாது.
விதை பொறுக்கலாமென்று
பேணியைக் கடதாசியில் கவிழ்த்தேன்.
பதர்.
ஊதினேன், பறந்தது.
நாலு வருஷத்தில்
ஒரு பூவையும் முடிய விடவில்லை நான்.

அன்றே ஒரு சிவப்புப் பூவின் காம்பில்
தையல் நூல் கட்டினேன்.
அது கடதாசியாகி,
எண்ணெய் காணாத தலைபோலாகி,
வருகிறவர்களுக்கெல்லாம் கை அரித்தது கிள்ள.
"விடுங்கோ" என்றேன்.
பக்கத்துக் கிளைகளில் மொட்டு நின்றுபோனது.
செடி ஏதோ வேலையாக இருந்தது;
அப்படி அதை நான் பார்த்ததில்லை.

லொறி வந்த காலையில் தூறல்.
இனி நனைந்தால் அழுகும்.
அரைக்காய்ச்சலாகவே பிய்த்தேன்.
தேறியது இருபத்திமூன்று.
பத்து மர்ஜானா மிஸ்ஸுக்கு,
மிச்சம் இடமாற்றக் கடிதம் வந்த உறைக்குள்.

"முளைக்குமா?"
"தெரியாது மிஸ்,
இதுவரைக்கும் கேட்டுப் பார்த்ததில்ல."

கத்தரிக்கோல் எந்தப் பெட்டிக்குள் போனதோ,
இன்னும் தேடவில்லை.