ஆமை விளக்கு

கொடி இறங்கியது.
பதினான்கு கார்கள் புறப்பட்ட சத்தத்தைவிட
எனக்குப் பின்னால் யாரோ திறந்த
சோடா மூடியின் சத்தம் பெரிதாகக் கேட்டது.
அப்புறம் டயர்கள்.
அப்புறம் மலை முழுக்கச் சிள்வண்டு.

இபராக்கி, ஆகஸ்ட், நிழலிலேயே முப்பத்தாறு டிகிரி.
எல்லாம் தவணையில் வாங்கிய கார்கள்.
திங்கட்கிழமை பள்ளி வாசலிலும்
மீன் அங்காடிப் பின்கட்டிலும் நிற்பவை.
ஹனாவா சிஸுருவின் காரில் நேற்றுவரை
இரத்த அழுத்தக் கருவி, கையுறைகள்,
படுக்கைப் புண்ணுக்குப் பூசும் களிம்பு.
வீடு வீடாகப் போகிற நர்ஸ் அவள்.
காலையில் எல்லாவற்றையும் கூடாரத்தில் இறக்கினோம்.
டெட்டால் வாடை மட்டும் இறங்க மறுத்தது.

நான் பலகை பிடிப்பவன்.
சுற்றுக்கு ஓர் எண்ணைத் தூக்கிக் காட்ட வேண்டும்.
அவள் பார்ப்பதேயில்லை.
இடது முன்னங்கையில் பேனாவால் எழுதி வைத்திருக்கிறாள்,
எந்தச் சுற்றில் எவ்வளவு மிஞ்ச வேண்டுமென்று:
மணிக்கட்டில் 94, அடுத்து 90, 86,
இருபத்துநான்காவது வரி முழங்கை மடிப்பில், 2.

இங்கே வேகம் என்பது செலவு.
இருபத்தெட்டாம் தேதி சம்பளக்காரன்
சட்டைப்பையைத் தடவுவதுபோல்
மிதியைத் தொட வேண்டும்.
வளைவுக்கு முன்பே காலை எடுத்துவிட்டால்
உருளும் சக்கரம் கொஞ்சம் சில்லறை
திருப்பித் தரும்.

மினேகிஷி சில்லறை வாங்குகிற ஆளில்லை.
அரிசி ஆலை இயந்திரம் விற்பவன், புது வெள்ளைக் கார்,
முதல் சுற்றிலிருந்தே அவன்தான் முன்னால்.

பதினேழில் அவளுடைய மின்கலச் சூடு
சிவப்புக் கோட்டைத் தொட்டது.
ஏசியைக் கொடிக்கு முன்பே அணைத்திருந்தாள்.
ஜன்னலை இறக்கினால் காற்று காரைப் பிடித்து இழுக்கும்,
அதனால் அதுவும் இல்லை.
உறையவைத்த பார்லித் தேநீர்ப் புட்டி
தொடைகளுக்கு நடுவே உருகிக்கொண்டிருந்தது.
தாண்டும்போது முகம் தெரிந்தது:
வேகவைத்த பீட்ரூட்.

இருபத்துமூன்றில் மினேகிஷிக்கு ஆமை எரிந்தது.

ஆமை என்றால், ஸ்டீயரிங்குக்குப் பின்னால்
மஞ்சளாக ஒரு சின்ன ஆமைப் படம்.
இனிமேல் கேட்காதே என்று மின்கலம் சொல்கிறது.
எங்கள் பக்கம் ஆமை புகுந்த வீடு உருப்படாது.
இங்கே கல்யாண மொய்க் கவரில்
அதையே பொன்னிறத்தில் அச்சடிக்கிறார்கள்.
எது சரி என்று நான் யோசித்து முடிப்பதற்குள்
கடைசி மேட்டில்
அவளுக்கும் எரிந்தது.

இரண்டு கார்களும் சைக்கிள் வேகத்தில்,
தோளோடு தோள்.
இனிக் காற்றுக்குப் பயமில்லை,
இருவரும் ஜன்னலை இறக்கினார்கள்.
"எத்தனை இருக்கு?"
"மூணு. உனக்கு?"
"ஒண்ணு. நாவே ஒட்டிக்கிச்சு, தண்ணி வச்சிருக்கியா?"
அவள் புட்டியை நீட்டினாள்.
அப்படி நீட்டியபோதுதான்
யாரும் கணக்கில் வைக்காத சிவப்புக் காரில்
பல்செட் செய்கிற கொகுபு அம்மாள்,
ஒன்பது சதவீதம் கையிருப்போடு,
வலது விளக்கைச் சிமிட்டி, வழி கேட்டு,
கடந்து போனார்.

முதல் பரிசு பத்துக் கிலோ அரிசி.
சிஸுரு இரண்டாவது, அரைக் கார் நீள வித்தியாசத்தில்.
மினேகிஷி புட்டியைத் திருப்பித் தரவில்லை.

அதற்குப் பிறகுதான் நிஜமான போட்டி:
சார்ஜர் இரண்டு, கார் பதினான்கு.
கொசுவர்த்தி கொளுத்தி, வரிசையில்
ஒருவர் அரிசி மூட்டைமேல் ஒருவர் கால் நீட்டி,
இருட்டும்வரை
யார் எங்கே மிச்சம் பிடித்தோம் என்று
பொய்யும் மெய்யுமாக.

மறுநாள் எட்டரைக்கு முதல் வீடு.
இடுப்பெலும்பு முறிந்த பழைய ரயில் கண்டக்டர்.
சோப்புக்குப் போகாத எண்களை
மணிக்கட்டிலிருந்து மேலே படித்துக்கொண்டே போனாராம்.
"யாருக்கும்மா அழுத்தம் இப்படி இறங்கிச்சு?
போய்ச் சேர்ந்தாச்சா?"

அவர் கையில் பட்டையைச் சுற்றி,
பம்ப்பை அழுத்திக்கொண்டே சொல்லியிருக்கிறாள்:
"சேர்ந்தாச்சு.
ரெண்டாவதா."