ஒன்பதாவது ஆணி

பன்னிரண்டு ஆணி.
ஒவ்வொன்றும் நைலோன் நூலில்,
கடலோரத் தண்டவாள வேலியில் தொடங்கி
பாமன்கடைப் பக்கம் வரை
நூறு மீற்றருக்கு ஒன்றாய்.

முதலாவதைக் கட்டும்போதே
பொலிஸ்காரர் ஒருவர் வந்துவிட்டார்.
என்ன இது? யார் கட்டச் சொன்னது?
ருஸ்னா அடையாள அட்டையை நீட்டினாள்.
நான் ஆணியை நீட்டினேன்.
உருட்டி உருட்டிப் பார்த்தார்,
இரண்டங்குலம், தட்டைத் தலை,
பிறகு தானே முடிச்சை இறுக்கிவிட்டுப் போனார்.

வீடு வீடாய்க் கேட்டுக் கட்டினோம்.
மூன்றாம் மாடி அன்ரி
"வாஸ்துவுக்கோ?" என்றா.
ஏசி திருத்தும் கடைக்காரர் மட்டும்
ஒன்றும் கேட்கவில்லை.
"கடல் எங்கட பார்ட்னர், பிள்ளையள்.
அது தின்னும், நாங்கள் மாத்திக் குடுப்பம்."

அறுபது நாள் கழித்து
நகைக்கடைத் தராசில் நிறுத்தோம்.
கறள் பிடித்த ஆணி
பாரம் கூடித்தான் இருந்தது.
அரிபடுவதென்றால் குறைவதென்றே
இவ்வளவு நாளும் நினைத்திருந்தேன்.
இரும்பு
காற்றையும் சேர்த்து விழுங்கியிருக்கிறது.

வரைபு அழகாய் இறங்கியது,
காலி வீதி தாண்டி, ஹவ்லொக் வீதியை நோக்கி.
ஒன்பதாவதில் மட்டும்
தவளைப் பாய்ச்சல்.
கடலிலிருந்து எண்ணூறு மீற்றர்,
கடலோர ஆணியைவிட மோசம்.

செபமாலை சேர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
"பதினொரு ஆணி எண்டாலும் ஆய்வுதான்" என்றார்.
வற்புறுத்தவில்லை.
இரவு ருஸ்னாவிடமிருந்து செய்தி:
"அத எடுத்தா நான் வரமாட்டேன்."

நூற்றைம்பத்து நாலாம் நம்பர் பஸ்ஸில் பொரளைக்கு.
பலகைக்கும் ஒரு டிக்கெட் என்றார் கொண்டக்டர்.
மழை.
சொப்பிங் பையால் போர்த்திய பலகை,
நனைந்த நாங்கள்.

மண்டபம் முழுக்கச் சூரிய சக்தி,
மூன்று றோபோ,
அதிலொன்று எல்லாரையும் கும்பிட்டுக்கொண்டிருந்தது.
எங்கள் மேசையில் வெள்ளைத் துணி விரித்து
வரிசையாய்க் கிடத்திய ஆணிகள்,
பிரேத பரிசோதனை மாதிரி.

நடுவர் சிங்களத்தில் கேட்டார்.
எனக்குப் பிடிபட்டது ஒரே சொல்: மல.
பூ.
ஆணியைக் காட்டிப் பூவென்கிறாரே?
ருஸ்னா விலாவில் இடித்தாள்.
"கறளுக்கும் அதுதான்டி சொல்லு."

நடுவரின் விரல்
நேரே ஒன்பதில் வந்து நின்றது.
ஏன்?
பாடமாக்கி வைத்த பதிலெதிலும்
அந்த ஆணிக்கு இடமிருக்கவில்லை.
"தெரியாது மிஸ்" என்றேன்.
ருஸ்னா அதைச் சிங்களமாக்கினாள்,
என் இரண்டு சொல்லுக்கு
அரை நிமிசம் எடுத்தாள்.
நடுவர் சிரித்தார். ஏதோ எழுதினார்.

பரிசு, கும்பிட்ட றோபோவுக்கு.
எங்களுக்குப் பங்குபற்றிய சான்றிதழ்,
லோஜிதா என்ற என் பெயரில்
ஒரு எழுத்துக் குறைவாக.

"அவட்ட என்னடி சொன்னனீ?"
பஸ்ஸில் கேட்டேன்.
"நாளைக்கே போய்ப் பார்த்துச் சொல்றோம்னு."
"யாருக்குச் சொல்லப் போறம்?"
அவள் யன்னலைப் பார்த்தாள்.

ஞாயிறு காலை போனோம்.
எண்ணூறாவது மீற்றர், பச்சைக் கேற்.
இதுவரை நாங்கள் போனதெல்லாம் பின்னேரம்,
பள்ளிக்கூடம் விட்ட பிறகு.
காலையில் அங்கே
ஒரு மீன்காரர்
மோட்டார் சைக்கிளிலிருந்து பெட்டியை இறக்கி,
ஐஸும் செதிலும் உப்புத் தண்ணியுமாய்
மதிலோடு சேர்த்து ஊற்றிக்கொண்டிருந்தார்.

நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்தோம்.
பிடித்துவிட்டோம்.

"ஓ, அந்த ஆணி நீங்க கட்டினதா?" என்றார்.
"ஈரத்துணி காயப்போட நல்லா இருந்திச்சி.
ஏன் கழட்டினீங்க?"

உப்பா, துணியா?
ருஸ்னா தலையில் கைவைத்துச் சிரித்தாள்.
பையைத் துழாவினேன்.
இந்த முறை இரண்டு கட்டினோம்,
தண்ணி படும் பக்கம் ஒன்று,
படாத பக்கம் ஒன்று.
துணிக்கென்று
வேறொரு கொக்கியும் அடித்துக் கொடுத்தோம்.