ஒற்றைப்படை நாள்

முன்ஹாவா சந்துகளில் மழைத்தண்ணீர் இன்னும் வடியவில்லை.
செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு போகிறேன்
மாத்திரை எண்ண.

மாதம் ஒருமுறை
அட்டையில் மீந்ததை எண்ணி எழுதவேண்டும்.
கூடுதலாய் மீந்தால் மறந்திருக்கிறார்கள்,
சீக்கிரம் தீர்ந்தால் விற்றிருக்கிறார்கள்.
பயிற்சியில் சொல்லித்தந்தது இவ்வளவுதான்.

ஸகரியாஸ், பெய்ரா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர்.
ஈஸ்டருக்கு முந்தின வாரம்
வலது கை அவரை விட்டுப் போனது.
பாதிதான் திரும்பி வந்தது.
கோப்பையைப் பிடிக்கும்,
சட்டைப் பொத்தானோடு தோற்றுப்போகும்.
நாலு மாத்திரை, தினமும், உயிருள்ளவரை
என்று சொல்லி அனுப்பினார்கள்.
இலவசம்தான்,
பதிவேட்டில் பெயர் இருந்தால்.

எண்ணினேன். அச்சுப் பிசகாமல் சரியாக இருந்தது.
"சரி" என்று எழுதிவிட்டுக்
கையில் பட்டையைச் சுற்றிக் காற்றடித்தேன்.
நூற்றெண்பத்தாறு.
கழற்றி, மறுபடி சுற்றி,
நூற்றெண்பத்திநாலு.
ஃபெலிஸார்தா அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்,
அடுப்பில் ஒன்றுமில்லை.

அப்போது வேலியோரமாக வந்தான் இனோசென்சியு,
சைக்கிள் டாக்சி ஓட்டுகிறவன்.
ஒரு கையில் தண்ணீர் டம்ளர்.
மறு கையை விரித்தபடியே வந்தவன்
என்னைக் கண்டதும் மூடிக்கொண்டான்.

இன்று பன்னிரண்டாம் தேதி.
இரட்டைப்படை அவனுக்கு,
ஒற்றைப்படை இவருக்கு.
அவன் நெஞ்சு ஒருமுறை நின்றுபார்த்தது
பதிவேடு திறப்பதற்கு முந்தின வருஷம்.
அதனால் அவன் நோயாளி இல்லை.

இப்படிப் பங்கு போட்டால்
ரெண்டு பேருக்கும் ஆகாது, என்றேன்.
இன்னொரு அடி விழுந்தால் எழுந்திருக்கமாட்டீர்கள், என்றேன்.
நான் பேசி முடிக்கும்வரை
ஃபெலிஸார்தா காத்திருந்தாள்.
"அன்றைக்கு ராத்திரி
ஆஸ்பத்திரிவரை இவரைச் சுமந்து மிதித்தது
அந்த நெஞ்சுதான்."

என் படிவத்தில் மூன்று கட்டங்கள்:
சாப்பிட்டார், மறந்தார், தொலைத்தார்.
"சரி"யை அடித்தேன்.
கட்டங்களெல்லாம் முடிந்த இடத்தில்,
பக்கத்தின் அடியில்,
இனோசென்சியு என்று எழுதி வயதும் போட்டேன்.
அலுவலகத்தில் அதை யார் படிப்பார்கள்?
தெரியவில்லை.
தாளை இரண்டாக மடித்தால்
மடிப்பு அந்தப் பெயர்மேல் விழுகிறது.
சுருட்டி எடுத்துக்கொண்டேன்.

கிளம்பும்போது கேட்டேன்:
முப்பத்தொன்றும் ஒன்றும்
அடுத்தடுத்து வருமே, அப்போது?

ஸகரியாஸ் சிரித்தார், முகத்தின் இடதுபாதியால்.
வார்த்தை வரக் கொஞ்சம் நேரமானது.
"அந்த ரெண்டு நாளும்
நான் பணக்காரன்."

இனோசென்சியு மாத்திரையை விழுங்கிவிட்டு
டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தான்
அவர்கள் வீட்டு அலமாரியில்.