சின்னக் கசப்பு

பதினாறு யூரோ.
இருபத்திரண்டு வருடத்தைப் பிரித்துக் கொடுக்க
லோதி நகராட்சி கேட்டது அவ்வளவுதான்.
ரசீதும் தந்தார்கள்.
எர்மான்னோ அதை நான்காக மடித்தான்,
மருந்துச் சீட்டை மடிப்பதுபோல.

போன மாதமே கையெழுத்துப் போட்டாயிற்று.
முப்பது நாள் பொறுத்து மறுபடி வந்து
ஆமாம், இன்னும் அப்படித்தான்,
என்று சொல்ல வேண்டும் என்பது சட்டம்.
சொன்னோம்.
தோமித்தில்லா என்று என் முழுப் பெயரையும் வாசித்தார் அதிகாரி,
யாரையோ கூப்பிடுகிறார் என்றிருந்தது.

வெளியே நவம்பர்.
அத்தா ஆற்றிலிருந்து ஏறிய மூடுபனி
தேவாலயத்தைப் பாதி தின்றிருந்தது.
பேருந்துக்கு நாற்பது நிமிடம்.
"குளிருது," என்றான்.
என்னிடமா பனியிடமா, தெரியவில்லை.
பனி பதில் சொல்லாததால்
நான் கடைக் கதவைத் தள்ளினேன்.

"ரெண்டு அமரெத்தோ."
ஒரே நேரத்தில் இரண்டு பேர் வாயிலும்.
வெட்கமாகப் போய்விட்டது.
கல்லாவில் ஓர்சோலா ஊற்றினாள்,
அவளுக்கு ஒன்றும் தெரியாது.

வயலினுக்குப் பூசும் மெருகின் நிறம்.
கோப்பையைச் சாய்த்தால்
சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாக இறங்குகிறது,
கீழே போக மனமில்லாத மாதிரி.
மூக்கருகே கொண்டுபோனதும்
ஒன்றாம் வகுப்பின் பசை டப்பா திறந்துகொண்டது:
தகரமூடி, குட்டித் தூரிகை,
டீச்சர் திரும்பாதபோது நக்கிப் பார்த்த
அந்த வெள்ளைப் பாதாம் வாசம்.

முதல் மிடறு முழுக்கத் தித்திப்பு,
உதட்டை உதட்டோடு ஒட்டவைக்கும் தித்திப்பு.
பிறகு தொண்டையில் ஒரு கணப்பு.
அதற்கும் பிறகு,
நீங்கள் கிளம்பிவிட்டீர்கள் என்று நினைக்கையில்,
அடிநாக்கில் ஒருவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருகிறார்.
கசப்பு.
எங்கள் மொழியில் அமாரோ என்றால் கசப்புதான்.
வாலில் ஓர் எத்தோவை ஒட்டினால்
குட்டிக் கசப்பு, சின்னக் கசப்பு.
செல்லமாகக் கூப்பிட்டால்
எதுவும் மடியில் வந்து உட்காரும்.

"நல்ல பாதாம்," என்றேன். வாய்ப் பழக்கம்.
"ஆப்ரிகாட் கொட்டை," என்றான். அதுவும் பழக்கம்.
பழப் பதப்படுத்தும் ஆலையில்
எடைமேடைக் கணக்கு எழுதுகிறவன்.
பழம் ஜாமுக்குப் போகும்,
கொட்டை லாரி லாரியாக வேறு வாசலில் போகும்.
எங்கே போகிறது தெரியுமா தில்லா, தெரியுமா,
என்று எத்தனை கிறிஸ்துமஸைக் கெடுத்திருக்கிறான்.
என் தங்கை கல்யாணத்தில்
இதற்காகவே ஒரு மேஜை முழுக்க எழுந்து போனது.

ஓர்சோலாவைக் கேட்டேன்.
கழுத்தில் தொங்கிய கண்ணாடியை மாட்டி
புட்டியைத் திருப்பி
பொடி எழுத்தை விரலால் தடவிப் படித்தாள்.
"இதில் ஒரு பாதாம்கூட இல்லை, சின்யோரா."

தோற்றேன்.
தோற்றால் பயனுள்ள காலமெல்லாம் போய்
ஒரு மணி நேரம் ஆகியிருந்தது.

அவன் சிரிப்பான் என்று பார்த்தேன்.
சிரிக்கவில்லை.
கோப்பையை முகர்ந்தான், மறுபடி முகர்ந்தான்,
பெரிய எடை ஒன்றைப் பதிவேட்டில் திருத்துகிறவன்போல
"ஆனால் வாசம் பாதாம்தான், தில்லா," என்றான்.

போன மாதம் சொல்லியிருக்கலாம்.
போன வருடம்.
நான் எதுவும் சொல்லவில்லை,
ஐஸ் கட்டி ஒன்று நழுவி
எனக்காகச் சத்தம் போட்டது.

அவரவர் கோப்பைக்கு அவரவர் காசு.
அவன் பேருந்து முதலில் வந்தது.
ஏறும்போது மஃப்ளரைச் சரியாகச் சுற்றவில்லை,
என்றைக்குச் சரியாகச் சுற்றினான்.
பனி மிச்சப் பாதியையும் தின்றது.

என் பேருந்தும் வந்தது.
ஜன்னல் வழியாக அதைப் பார்த்தேன்,
போகட்டும் என்று விட்டேன்.
"ஓர்சோலா, இன்னும் ஒன்று. ஐஸ் வேண்டாம்."

இந்த முறை அவசரமே படாமல்
நாக்கின் மூலை முடுக்கெல்லாம் உருட்டி
ஆப்ரிகாட்டைத் தேடினேன்.
நியாயமாகத்தான் தேடினேன்.

இல்லை.
பாதாம்தான்.